துடுப்புக்காரன் வரும் காட்சி

பணியில் இருந்த காலத்தில் நான் பார்த்த சினிமா எல்லாவற்றையும் மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். கொட்டகை உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். வாளியில் இருப்பது மணலா வெற்றிலை எச்சிலா, அவசரக் கதவு வெளிப்புறம் திறக்கிறதா உட்புறம் திறக்கிறதா அல்லது திறக்கிற வழக்கமே இல்லையா, பெஞ்சுகளுக்கு நடுவே ஆள் நடக்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்ததற்கு என் மேலதிகாரி ஒரு காரணம் வைத்திருந்தார். பெண் அதிகாரி போனால் அவளுக்கு என்ன வாங்கித் தருவது என்று தெரியாமல் கொட்டகை முதலாளிகள் விழிப்பார்கள் என்பது அவர் எண்ணம். அப்படித்தான் விழித்தார்கள். பெரும்பாலும் ஒரு கலர் சோடாவோடு முடிந்துவிடும். அதையும் நான் தொட மாட்டேன்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் பழைய ரோமாபுரிப் படம் ஒன்றை அப்படி நின்றபடியே முக்கால்வாசி பார்த்தேன். படம் ஆங்கிலத்தில் ஓடியது. கூடியிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் ஆங்கிலம் தெரியும். எனக்கும் அந்த ஆங்கிலம் புரியவில்லை. ஆனாலும் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. வெள்ளைத் துணி போர்த்தியவர்கள் பேசினார்கள், இரும்புச் சட்டை போட்டவர்கள் வெட்டினார்கள், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய ஒருவன் எல்லாருக்காகவும் அடி வாங்கினான். பகல் என்றால் வெயில் அடித்தது. கெட்டவன் கடைசியில் செத்தான். நான் வாளிகளைப் பார்க்க மறந்துபோனதால் அறிக்கை எழுத மறுநாள் காலை மறுபடியும் போக வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்றபின் ரோமாபுரிக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல்தான் இருந்தது. மறுபடி அந்தத் தொடர்பை ஏற்படுத்தியவள் என் எதிர்வீட்டுக்காரி.

அவள் கீழக்கரையில் பிறந்தவள். கல்யாணமாகி ராமநாதபுரத்துக்கு வந்தவள். அவள் வீட்டுக்காரருக்கு ஏர்வாடி போகும் சாலையில் ஒரு மளிகைக்கடை. ஒரே மகன் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். போய் மூன்று வருடமாகிறது. முதலில் இருந்த கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்கு மாறியதில் காகிதம் எங்கோ சிக்கிக்கொண்டு, ஊருக்கு வர முடியாமல் இருந்தான். அந்த நாட்டு நடைமுறை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத நடைமுறை என்று உலகத்தில் ஒன்று இருப்பதை நான் ஒப்புக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஏர்வாடியைச் சேர்ந்த ஒருவர், மகன் தங்கியிருந்த அதே தொழிலாளர் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், கடைக்குச் சாமான் வாங்க வந்தபோது பேச்சோடு பேச்சாக, உங்க பையன் ஏணியில் இருந்து விழுந்தானே, இடது கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டார். வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு சேதியே தெரியாது. மகனிடம் கேட்டதற்கு, அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்றான். ஏர்வாடிக்காரரோ, தான் பார்த்தபோது காலை இழுத்து இழுத்து நடந்தான் என்றார். அவர் ஊருக்கு வந்து இதைச் சொன்ன நாளிலிருந்து எதிர்வீட்டுக்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீடியோவில் தினமும் பேசுகிறார்களே, பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவன் வீடியோவில் பேசும்போது தெரிவது அவன் நெற்றியும் அதற்கு மேலே ஒரு மின்விசிறியும்தான். அந்த நெற்றியை இந்தத் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும். எழுந்து நட என்று அம்மா சொன்னால் சிக்னல் போய்விடும். ஒருமுறை மிகவும் வற்புறுத்தியபோது ஒரு கால் கட்டைவிரலை மட்டும் காமிராவில் காட்டினான். கட்டைவிரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவனுடையதுதானா என்பதை அவளால் உறுதிசெய்ய முடியவில்லை.

"நெத்திய வச்சு நான் என்னக்கா செய்ய?" என்றாள் என்னிடம். "அவன் ரெண்டு கால்லயும் நடந்து வாரதப் பாக்கணும். நொண்டுறாண்டாலும் பரவால்ல, தெரிஞ்சுட்டாப் போதும். தெரியாம இருக்குறதுதான் என்னியத் திங்குது."

இப்படி இருக்கும்போதுதான் அவன் ஒரு குரல்பதிவு அனுப்பினான். அவன் முகாமுக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு பெரிய ரோமாபுரிப் படத்துக்குத் துறைமுகம் கட்டிப் படம் எடுத்தார்களாம். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று முகாமிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அவனுக்குக் கிடைத்த வேடம், கப்பலில் துடுப்புப் போடும் அடிமை. இடுப்பில் ஒரு சாக்குத் துணி, ஒட்டுத்தாடி, முகமெல்லாம் கரி. கப்பல் கரைக்கு வந்ததும் எல்லா அடிமைகளும் இறங்கி நடந்து வருவார்கள், அதில் எங்கேயாவது நான் இருப்பேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். படம் அந்த வெள்ளிக்கிழமை வெளியாகிறது, தமிழிலும் பேசுகிறது.

படப்பிடிப்பு நடந்தது எப்போது, விழுந்ததாகச் சொல்லப்படுவது எப்போது என்று ஏர்வாடிக்காரரிடமும் அவனிடமும் தனித்தனியாக விசாரித்தேன். விழுந்தது முந்தின நோன்பில், படப்பிடிப்பு அதற்குப் பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து. ஆக, படத்தில் வரும் கால் விழுந்தபின் உள்ள கால். சாட்சியம் செல்லும்.

எதிர்வீட்டுக்காரி கல்யாணத்துக்குப் பின் தியேட்டர் பக்கம் போனதில்லை. ஆகவே முதலில் நான் போய், அந்தக் காட்சி எங்கே வருகிறது, படத்தில் பார்க்கக்கூடாத சமாச்சாரம் ஏதும் உண்டா என்று பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். என் வீட்டுக்காரர் எந்தப் படமானாலும் அது தொலைக்காட்சியில் இலவசமாக வரும்வரை காத்திருக்கும் பொறுமைசாலி.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோமாபுரி இருட்டாக இருந்தது. அங்கே மின்சாரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் சூரியன் இருந்திருக்கும். காலை, மதியம், மாலை எல்லா நேரத்திலும் ஊர் முழுக்கப் பழுப்பாக, புளிக்கரைசலுக்குள் ஊற வைத்தது போல இருந்தது. யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. காதோடு காதாகக் கிசுகிசுத்தார்கள். சக்கரவர்த்தியே படைகளுக்கு முன்னால் நின்று கிசுகிசுத்தார். பின்வரிசைச் சிப்பாய்க்குக் கேட்டிருக்க நியாயமில்லை. தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் சென்னைப் பிள்ளைகள் போலிருக்கிறது. செனட் சபையில் தலை நரைத்த ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரைப் பார்த்து, "ப்ரோ, இது வேலைக்கு ஆகாது" என்றார்.

சக்கரவர்த்திக்கு ஒரே பிரச்சினை, அவர் அப்பா அவரைச் சின்ன வயதில் பாராட்டவில்லை. அதற்காக அழுகிறார். தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், குளியல் தொட்டியில் அழுகிறார், வெற்றி ஊர்வலத்தில் அழுகிறார். பழைய படங்களில் சக்கரவர்த்தி கெட்டவன் என்றால் கெட்டவன். திராட்சையைத் தின்றுகொண்டே ஊரைக் கொளுத்துவான். நமக்கும் வேலை சுலபம். இவரைக் கண்டால் நாம்தான் தேற்ற வேண்டும் போலிருக்கிறது.

கணினியில் செய்த யானைக்கு நிழல் இல்லை. விளையாட்டு அரங்கத்தில் வலது ஓரத்தில் கையை உயர்த்திக் கத்திய தாடிக்காரர் இடது ஓரத்திலும் அதே நேரத்தில் கையை உயர்த்திக் கத்தினார்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். நிர்வாகம்தான் தாங்கவில்லை. ஒரு மாகாண ஆளுநரின் தலையை வெட்டச் சொல்கிறார் சக்கரவர்த்தி. குற்றச்சாட்டுக் குறிப்பாணை இல்லை. விளக்கம் கேட்கவில்லை. தற்காலிகப் பணிநீக்கம்கூட இல்லை. அடுத்த காட்சியில் பொறுப்பு ஆளுநரும் நியமிக்கப்படவில்லை. அந்த மாகாணத்துக் கோப்புகளெல்லாம் யார் கையெழுத்துக்குப் போயின என்று படம் முடியும்வரை எனக்கு ஒரே கவலை. கதாநாயகன் ஆயிரக்கணக்கான அடிமைகளை விடுதலை செய்தான், அதுவும் வாய்மொழியாக. எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் அவர்கள் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருக்கவே முடியாது.

ஆனால் நான் போன காரியம் வேறு. படம் முடிந்து விளக்கு போட்டபோது எனக்கு ஒன்று உறைத்தது. கப்பல் வந்தது, தூரத்தில் ஒரு புள்ளியாக. அடுத்த காட்சியில் கதாநாயகன் கரையில் நனைந்த துணியோடு நடந்துகொண்டிருந்தான். நடுவில் துடுப்பும் இல்லை, அடிமையும் இல்லை. துறைமுகம் கட்டியதாகச் சொன்னானே, அதையும் காணோம்.

படத் தொடக்கத்தில் காட்டிய தணிக்கைச் சான்றிதழின் நேரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டேன். கால் மணி நேரத்துக்கு மேல் படம் குறைந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. இந்தத் தியேட்டரில்தான் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரி வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொல்வது? படம் பழுதாகிப் பாதியில் நின்றுவிட்டது, ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றேன். பொய்யும் இல்லை. பழுது எங்கே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தியேட்டர் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை, நாற்காலியைத் துடைத்துப் போட்டான். படத்தைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று அவனே கேட்டான். இருட்டாக இருந்தது என்றேன். புரொஜெக்டரில் குறையில்லை, எடுத்ததே அப்படித்தான் என்று தற்காத்துக்கொண்டான். கப்பல் எங்கே என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க மேடம்" என்றான். "கப்பல் வந்தாலே சனம் எந்திரிச்சு வெளியே போயிருது. அம்புட்டு இழுவை. அதான் ஒரு பட்டனத் தட்டித் தாண்டி விட்டுர்றோம். அந்த நேரத்துல சாயங்காலக் காட்சிக்குக் கூட்டிப் பெருக்கிறலாம். படம் எப்பிடியும் வியாழக்கிழமை தூக்கிருவோம்."

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அது வாக்குவாதம், தாழ்த்தினால்தான் விசாரணை. தணிக்கைச் சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு வழங்கப்படுகிறது என்றும், சான்றளித்த படத்தை நீட்டவோ குறைக்கவோ திரையிடுபவருக்கு அதிகாரம் இல்லை என்றும், அதிகப்படி காட்சி சேர்ப்பது எப்படிக் குற்றமோ அப்படியே இருப்பதை விழுங்குவதும் என்றும் சொன்னேன். அவன் தலையைத் தலையை ஆட்டினான். மதுரையிலேயே அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றான். மதுரை என் எல்கைக்குள் வராது என்றேன்.

அறையிலிருந்து பார்த்தால் கூடத்தின் அவசரக் கதவு தெரிந்தது. அதன் முன்னால் பாப்கார்ன் எந்திரம் ஒன்றை நிறுத்தி, அதன் பக்கத்தில் குளிர்பானப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நான் அந்தக் கதவைப் பார்த்தேன். அவன் நான் பார்ப்பதைப் பார்த்தான். பழக்கதோஷம், வேறொன்றுமில்லை.

"மேடம் இப்ப சர்வீஸ்லயா இருக்கீங்க?" என்றான்.

"இல்ல தம்பி. ரிட்டயர்டு."

"அப்பாடா."

"என்கிட்ட வேலை பழகுன புள்ளைங்க இருக்காங்க."

திங்கட்கிழமை மதியக் காட்சிக்குப் படம் முழுதாக ஓடும் என்று முடிவாயிற்று. அவனுக்குக் காரணமும் சொன்னேன். சொல்லாமல் வந்திருந்தால் அது மிரட்டல் ஆகிவிடும். எதிர்வீட்டுப் பிள்ளையின் காலைப் பற்றிச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. இத முதல்லயே சொல்லிருக்கலாமே மேடம், நான் பேசாம போட்டு விட்டுருப்பேனே என்றான். சொல்லியிருக்கலாம்தான். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில், காரணத்தை முதலில் சொன்னால் காரியம் நடக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இனி அடுத்த அலுவலகம், எதிர்வீட்டுக்காரர். கடை மூடி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சினிமாக் கொட்டகைக்குள் தன் காலை வைப்பதாக இல்லை என்று வாலிபத்தில் முடிவெடுத்தவர். அந்த முடிவைப் பேரன் பேத்தி காலம்வரை கொண்டுபோவதாக இருந்தவர். மனைவி மட்டும் என்னோடு போகட்டும் என்றார். அவள் ஒப்பவில்லை. ஒட்டுத்தாடியும் கரியுமாக இருக்கிற கூட்டத்தில் தனக்கு அடையாளம் தெரியாமல் போனால் என்ன செய்வது, பெத்த வாப்பாவும் இருந்தால் நாலு கண்ணாகப் பார்க்கலாம் என்றாள். அவர் என்னிடம் திரும்பினார்.

"தாசில்தாரம்மா, படத்துல கண்ட கண்ட சீனெல்லாம் இருக்குமா?"

சக்கரவர்த்தி குளிக்கிற காட்சி இரண்டு உண்டு, இரண்டிலும் அழுகிறார் என்றேன்.

"சரி. நான் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். மகன் வந்தா சொல்லுங்க, தொறக்குறேன்."

இந்த நிபந்தனையோடு திங்கட்கிழமை மூன்று பேரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். கூட்டம் என்று சொல்ல முடியாது. கல்லூரிக்கு மட்டம் போட்ட பையன்கள் பின்வரிசையில் கொஞ்சம் பேர், வெயிலுக்கு ஏ.சி.யில் தூங்க வந்த விற்பனைப் பிரதிநிதிகள் சிலர், நாங்கள். அவசரக் கதவுக்கு முன்னால் இருந்த பாப்கார்ன் எந்திரம் இடம் மாறியிருந்ததைக் கவனித்தேன். மேலாளர் எங்களை நடுவரிசையில் உட்கார வைத்து, தூணில்லாத இடம் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தியேட்டரில் தூணே கிடையாது.

எதிர்வீட்டு அண்ணன் உட்கார்ந்ததும் கண்ணை மூடினார். படம் தொடங்கிச் சக்கரவர்த்தி முதல்முறை அழுததும், வந்துட்டானா என்றார். இல்லை என்றோம். யார் அழுகுறது என்றார். சக்கரவர்த்தி என்றேன். எதுக்கு என்றார். அப்பா பாராட்டவில்லையாம் என்றேன். நான் அவனப் பாராட்டிருக்கேன்ல என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார். அவள், பேசாம இருங்க என்றாள்.

அவளோ கண்ணை இமைக்கவே இல்லை. வீரர்கள் வந்தால் வீரர்களின் காலைப் பார்த்தாள், செனட்டர்கள் வந்தால் செனட்டர்களின் காலைப் பார்த்தாள். அந்தப் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த ஆள் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள், எடுத்தவர் உட்பட. ரோமாபுரியில் அம்புட்டுப் பேரும் புதுச்செருப்பு போட்டிருக்காகளேக்கா என்றாள். எனக்கு அது தோன்றவில்லை. உண்மைதான், ஊர் எரிகிறது, செருப்பு மட்டும் பளபளக்கிறது.

இடைவேளையில் அண்ணன் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய் அஸர் தொழுதுவிட்டு வந்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் பாதியில் தூரத்துப் புள்ளியாகக் கப்பல் வந்தது. மேலாளர் வாக்கை நான் நம்பினேன். ஆனால் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆப்பரேட்டரிடம் அவன் வாய்மொழியாகத்தானே சொல்லியிருப்பான்?

புள்ளி பெரிதாயிற்று. கப்பல் வந்தேவிட்டது. உள்ளே இருட்டில் துடுப்புகள், முதுகுகள், சாட்டைச் சத்தம். இழுவை என்று அவன் சொன்னதில் பொய்யில்லை. கதாநாயகன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் நிலத்தையும் கோதுமையையும் பற்றி யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டே இருந்தான். எல்லாரும் உட்கார்ந்திருந்ததால் ஒரு காலும் தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவன், ஏலே எந்திரிச்சுப் போயிருவோமா என்றான்.

பின் கப்பல் கரையோரம் வந்து நின்றது. அவன் சொன்ன துறைமுகம். அடிமைகள் ஒவ்வொருவராகப் பலகையில் இறங்கி, முழங்காலளவு தண்ணீருக்குள் நடந்து கரைக்கு வரவேண்டும். எல்லார் முகத்திலும் கரி. எல்லாருக்கும் ஒரே தாடி. பெற்ற வாப்பாவைக் கண் திறக்கச் சொல்லிவிட்டோம், ஆனால் அவருக்கும் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சோதனை ஒன்று இருந்தது. துடுப்புப் போட்டுக் களைத்தவர்கள் என்று காட்டுவதற்காக டைரக்டர் சொல்லிவைத்திருப்பார் போலிருக்கிறது, அத்தனை அடிமைகளும் நொண்டிக்கொண்டே வந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். "எல்லாரும் நொண்டுறாகளேக்கா" என்றாள். எத்தனை பேரை மிரட்டி, எத்தனை விதியைச் சொல்லி இந்தக் காட்சியைக் கொண்டுவந்தேன். கடைசியில் இது இவளுக்கு ஒன்றையும் சொல்லப்போவதில்லை என்று நினைத்தேன்.

திரையின் நடுவில் கதாநாயகன் பெரிதாக நின்று மண்ணை முத்தமிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், இடது ஓரத்தில், ஓர் அடிமை பலகையின் நுனிக்கு வந்து நின்றான். கீழே தண்ணீரைப் பார்த்தான். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தொங்கிய அந்தச் சாக்குத் துணியைப் பார்த்தான். அடுத்து அவன் செய்தது ரோமானியச் சரித்திரத்தில் எங்கும் எழுதப்படாத காரியம். இடது காலை ஊன்றி நின்று, வலது குதிகாலால் துணியின் கீழ் ஓரத்தைப் பின்பக்கமாக ஒரு எத்து எத்தி, பறந்து வந்த நுனியைக் குனியாமலே கையில் பிடித்து, இரண்டு ஓரத்தையும் முழங்காலுக்கு மேலே தூக்கி மடித்து, இடுப்பில் இறுக்கிச் சொருகினான். பாம்பன் பாலத்தடியிலும் ஏர்வாடிக் கரையிலும் தண்ணீருக்குள் இறங்கப்போகிற எந்த ஆணும் யோசிக்காமல் செய்கிற வேலை. சொருகியதும் இரண்டு தட்டு வேறு தட்டிக்கொண்டான்.

பின்வரிசையிலிருந்து வந்த விசிலில் தூங்கிக்கொண்டிருந்த விற்பனைப் பிரதிநிதிகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

"ஏலே, கைலிய மடிச்சுக் கட்டுறான்டா. நம்ம ஊருக்காரன்டா."

எங்கள் பக்கத்தில் கைலியின் ஓரத்தை இந்துக்கள் வலப்பக்கமும் முஸ்லிம்கள் இடப்பக்கமும் வைத்துக் கட்டுவது வழக்கம். முகாமிலிருந்து போன லாரியில் தமிழ்ப் பிள்ளைகள் பல பேர் இருந்திருப்பார்கள், இவன் வேறொருவனாக இருந்தால் என்ன செய்வது என்று என் புத்தி உடனே ஆட்சேபம் எழுப்பியது. பார்த்தேன். ஓரம் இடப்பக்கம் இருந்தது. ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

தாய்க்கு அந்தச் சான்றெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு தட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. திரையைப் பார்த்தபடியே, கணக்கை முடித்து வைப்பதுபோலச் சொன்னாள்: "எடது கால ஊண்டி நின்னான்."

"ஒத்தக்கால்ல நின்னான்" என்றார் அவர். கண்ணை அகலத் திறந்திருந்தார். "என்னா எத்து எத்துறான் பாத்தியா."

அதற்குள் ஒரு காவலன் சாட்டையோடு வந்துவிட்டான். நம் பிள்ளைக்குத் தன் வேலை நினைவுக்கு வந்து, அவசரமாக மறுபடி நொண்டத் தொடங்கினான். அதுவும் வலது காலை. கப்பலில் இருந்து வந்தபோது எந்தக் காலை நொண்டினான் என்பது அவனுக்கே மறந்திருக்கும். இடது கால் திடமாக, தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. எதிர்வீட்டுக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கதாநாயகன் தன் குடும்பம் செத்துப்போன சேதியைக் கேட்டு உருகிக்கொண்டிருந்த நேரம் அது. முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி முறைத்தார்.

மீதிப் படத்தை அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தார். மறுபடி மூட மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானும் நினைவுபடுத்தவில்லை. வெளியே வரும்போது, அந்த ஆளுநர் தலைய வெட்டுனது அநியாயம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றார். அந்தக் குடும்பத்தோடு என் நட்பு ஏன் இத்தனை வருடம் நிலைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள். வழக்கம்போல நெற்றியும் மின்விசிறியும் வந்தன.

"உம்மா, படம் பாத்தீங்களா? மூஞ்சி தெரிஞ்சுச்சா?"

"மூஞ்சி தெரியல. காலு தெரிஞ்சுச்சு."

நெற்றி கொஞ்சம் நகர்ந்தது. இந்தமுறை சிக்னல் நன்றாகவே இருந்தது.

"நீ விழுந்தது நெசந்தானே?" என்றாள்.

விழுந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டான். எலும்பில் விரிசல், சதை கிழிந்து தையல், கட்டுப் போட்டுப் படுத்திருந்தான், சொன்னால் இங்கே மூன்று பேரும் சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடப்பீர்கள் என்று சொல்லவில்லை என்றான். மூன்றாவது ஆள் நான்தான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டுப் பிரித்து வெகுநாளாகியும் தழும்பு மறையவில்லை, அதைப் பார்த்தால் கேள்வி வரும் என்றுதான் நெற்றியோடு நிறுத்திக்கொண்டிருந்தானாம்.

"சொல்லாததுக்கு நீ ஊருக்கு வா, வச்சுக்கிறேன்" என்றாள். "இப்ப போன எங்கிட்டாவது சாச்சு வச்சுட்டு, தள்ளிப் போயி நில்லு."

போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். வெகுநாளைக்குப் பிறகு நெற்றிக்குக் கீழே ஒரு பிள்ளை வந்தது. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். அங்கன இருந்து இங்கன நடக்கச் சொன்னாள், நடந்தான். இடது கெண்டைக்காலில் நீளமாகத் தழும்பு தெரிந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தொப்பையைப் பற்றித்தான் கேட்டாள், என்ன திங்கிறாய் என்று.

அந்த வாரக் கடைசியில் கடைத்தெருவில் தியேட்டர் மேலாளரைப் பார்த்தேன். படத்தை எடுத்துவிட்டாயா என்று கேட்டேன். எங்க மேடம் எடுக்குறது என்றான். அந்தக் கல்லூரிப் பையன்கள் ஊரெல்லாம் சொல்லி, கைலி மடித்துக் கட்டும் அடிமையைப் பார்க்கக் கீழக்கரையிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் வேன் வைத்து வருகிறார்களாம். தினமும் அந்த இடத்தில் விசில் பறக்கிறதாம். மற்ற ஊர்களில் எல்லாம் படம் பெட்டிக்குள் போய்விட்டது, இங்கே மட்டும் இன்னொரு வாரம்.

முழுதாகத்தானே ஓட்டுகிறாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் நெளிந்தான். கப்பல் காட்சியில் கை வைக்கவில்லை, சத்தியமாக. ஆனால் சாயங்காலக் காட்சிக்குக் கூட்ட வேண்டுமே, அதனால் சக்கரவர்த்தி குளியல் தொட்டியில் அழுவதை மட்டும் தாண்டிவிடுகிறானாம்.

சட்டப்படி அதுவும் தவறுதான். ஆனால் அது குறித்து என்னிடம் இதுவரை புகார் எதுவும் வரப்பெறவில்லை.